காருக்கு அடியில் நாலு கால்

ஜூன் 3

அன்புள்ள ஸ்டோர் கீப்பர் ஐயாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று போன கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மீதி இரண்டு பக்கமும் உங்கள் சுரங்க வேலையில் காணாமல் போன போல்ட்டுப் பெட்டியைப் பற்றித்தான். பெட்டி கிடைத்ததா, இல்லை இன்னும் எல்லார் பையையும் கொட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா? போன் எடுக்காத மலை, வாரம் ஒரு முறை சாமான் வண்டி வந்தால்தான் தபால். அப்படி வரும் கடிதத்திலுமா திருட்டு விசாரணை?

சரி, என் புகாருக்கு வருகிறேன். ஆசை ஆசையாக வாங்கி, ஆறு மாதம் ஓட்டிவிட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே ஒரு கார், அது தரையோடு தரையாகத் தவழ்கிறது. ஒரு வேகத்தடை விடாமல் வயிற்றைத் தேய்க்கிறது. விடிந்ததும் லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறேன். நான் போவதற்கு முன்னால் சைலன்சர் சத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பெரியவர், "டிராக்டர் வருதுன்னு நெனைச்சேன், நீயாம்மா?" என்றார். சைலன்சரைத் தாங்கும் கொக்கி ஒன்று விட்டுவிட்டது போலிருக்கிறது. ஆயிலும் மாற்ற வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் விடக் கூடாது என்பது உங்கள் உத்தரவு. நானே பார்க்கலாம் என்று டிக்கியில் இருக்கும் ஜாக்கை எடுத்தேன். காருக்கும் தரைக்கும் நடுவே மூன்று விரல்தான் போகிறது. ஜாக் எப்படிப் போகும்? செலவில்லாமல் இதைத் தூக்க ஒரு வழி சொல்லுங்கள். படம் போட்டு எழுதினால் இன்னும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மலைக் குளிரில் தலை துவட்டாமல் படுக்காதீர்கள்.

உங்கள் வாயாடி


ஜூன் 11

என் வாயாடிக்கு,

பெட்டி கிடைத்துவிட்டது. வேறு அலமாரியில் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப் பக்கம் போகாதே. போன தடவை நான் ஆயில் ஃபில்டரில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன், நினைவிருக்கிறதா? உன் நகப்பாலிஷ்தான். புதுசு மாட்டியாச்சு என்று மெக்கானிக் சொன்னான். வீட்டுக்கு வந்து பார்த்தால் புள்ளி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

எதுவும் வாங்க வேண்டாம். பழைய கட்டில் பலகை மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதை நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்று அளவில் அறுத்து, நீளமானது அடியில் வர ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆணி அடி. இரண்டு சக்கரத்துக்கும் இப்படி ஒவ்வொன்று. இது ஒரு சின்னப் படிக்கட்டு. முன்சக்கரத்தை அதில் ஏற்றி நிறுத்தினால் நாலு விரல் இடம் கூடும். கடையில் விற்கும் சாய்வு மேடை நம் காருக்கு ஆகாது, சக்கரம் ஏறும் முன்னே மூக்கு இடித்துவிடும். பிறகு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் சக்கரம் வைத்த ஜாக்கைத் தள்ளு. கொஞ்சம் எண்ணெய் கசியும், பயப்படாதே. பழகிய ஜாக், நம்பலாம்.

ஜாக்கால் தூக்கிய பிறகு கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முட்டுக் கொடு. ஓட்டை வைத்த சிமெண்டுக் கல்லை மட்டும் வைக்காதே. தாங்குவது போல நிற்கும், ஒரே நொடியில் பொடியாகும். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. படம் பின்பக்கத்தில்.

முக்கியமான விஷயம். பலகையில் ஏற்றும்போது பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிடாதே. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கீழே திருப்பிவைத்தால் சக்கரம் தெரியும். இன்று காரைத் தூக்க வருகிறவன் நாளைக்கு வேறு எதையாவது தூக்குவான்.

உன்னவன்


ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

படம் வந்தது. கார் வரைந்தீர்களா, ஆமை வரைந்தீர்களா என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனாலும் பலித்துவிட்டது!

முதல் தடவை ஏற்றியபோது சக்கரம் சுற்றி, பலகையைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிட்டது. பிறகு பலகைக்கு அடியில் பழைய ரப்பர் மிதியடியை வெட்டிப் போட்டதும் அசையவில்லை. முன்பக்கம் நடு இரும்பில் ஜாக்கைக் கொடுத்து ஏற்றினோம். கட்டைக்குப் பதிலாக இரும்பு ஸ்டாண்டு இரண்டு கிடைத்தது, மூன்று கால் வைத்து, பல் பல்லாக உயரம் மாற்றுவது. ஒரு பட்டறையில் புதுசு வந்ததும் ஓரங்கட்டிய பழசு, ஆனால் உறுதி. இரண்டு பக்கமும் அதை வைத்து, காரை மெல்ல அதன்மேல் இறக்கி, ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போனோம்.

ஆயில் மாற்றியாயிற்று. அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் வேறு ஓர் ஊர் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு குழாயும் எங்கேயோ அவசரமாகப் போகிறது. எனக்குப் பிடித்துவிட்டது. ரத்தக் குழாய்தான் நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், இதுவும் கிட்டத்தட்ட அதேதான்.

சைலன்சர் கொக்கி பின்பக்கம் இருக்கிறது. அது அடுத்த தடவை.

முகம் முழுக்கக் கரியோடு,
உங்கள் வாயாடி


ஜூன் 28

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "ஏற்றினேன்" என்று எழுத வேண்டிய இடத்தில் "ஏற்றினோம்" என்று இருக்கிறது. "அடியில் போனேன்" என்பதற்குப் பதில் "போனோம்". வீட்டில் நீ ஒருத்திதானே இருக்கிறாய்?

பலகைக்கு அடியில் ரப்பர் போட வேண்டும் என்று நான் எழுதவில்லை. காரை உலுக்கிப் பார்க்கச் சொல்லியும் எழுதவில்லை. இதெல்லாம் கைப்பழக்கம் உள்ள ஆள் செய்கிற வேலை. ஸ்டாண்டு யாருடைய பட்டறையிலிருந்து வந்தது? சும்மா கொடுத்தார்களா? சும்மா ஏன் கொடுத்தார்கள்?

கேட்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். என் வேலையே அதுதான். வந்த பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் அலமாரியில் வைப்பதில்லை.

பதில் எழுது.


ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

"மனைவிக்கு" என்று பார்த்ததும் ஏதோ ஆபீஸ் கடிதம் என்று நினைத்துவிட்டேன். கீழே கையெழுத்துக்கூட இல்லை. முத்திரை குத்த மறந்துவிட்டீர்களா?

ஆமாம், கூட ஒருவர் இருந்தார். எனக்குத் தெரிந்தவர், நம்பிக்கையானவர். வண்டி வேலை தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வந்தார், உதவி செய்தார், டீ குடித்தார், போனார். தனியாகச் செய்தால் ஆபத்து என்று அவர்தான் சொன்னார். அது சரி என்று எனக்கும் பட்டது. யார் என்பதை நீங்கள் லீவில் வரும்போது நேரில் சொல்கிறேன். எழுத்தில் சொன்னால் நீங்கள் பாதி படித்ததும் கிழித்துவிடுவீர்கள்.

அதுவரை என்னை நம்பி இருங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மாடிக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. அதை நான் ஒருத்திதான் சரி செய்தேன். சாட்சி யாரும் இல்லை.

உங்கள் வாயாடி


ஜூலை 13

மனைவிக்கு,

"தெரிந்தவர்", "வந்தார்", "போனார்". தமிழில் இது ஒரு வசதி. ஆணா பெண்ணா என்று சொல்லாமலே ஒரு பக்கம் எழுதிவிடலாம். நான் அவ்வளவு முட்டாள் இல்லை.

நீ மறைத்தாலும் எனக்குச் சேதி வரும். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி இருக்கும். காருக்கு அடியிலேர்ந்து நாலு கால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நம்ம மேடத்தோடது. மத்த ரெண்டு, கறுப்பு பூட்சு, நீல பேண்ட். தலையைப் பாக்க முடியல. உள்ளேர்ந்து சிரிப்புச் சத்தம் வந்துச்சு."

காருக்கு அடியில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பூட்ஸ் யாருடையது?


ஜூலை 15

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறேன்.

முந்தாநாள் சைலன்சர் கொக்கிக்காகப் பின்பக்கத்தைத் தூக்கினோம். இடப்பக்கம் ஸ்டாண்டு வைத்தாயிற்று. வலப்பக்கம் ஜாக் ஏறி நின்றது. நான் தோள் வரை உள்ளே விட்டு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன். புஸ் என்று ஒரு சத்தம். ஜாக் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கார் என்மேல் வந்தது.

கார் உயர்ந்ததுமே, நான் கை விடும் முன்பே, உபரிச் சக்கரத்தை எடுத்து, கதவுக்குக் கீழே காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்திருந்தோம். "ஜாக்கை நம்பாதீங்க, எதுக்கும் இது கிடக்கட்டும்" என்று கூட இருந்தவர் பிடிவாதம் பிடித்தார். நான்தான், "இது எங்க வீட்டு ஜாக், அவரே நம்பலாம்னு எழுதியிருக்காரு" என்று சிரித்தேன். கார் அந்தச் சக்கரத்தின்மேல் விழுந்து நின்றது. என் தோளுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. ஸ்டாண்டு சாய்ந்து வலது மணிக்கட்டில் அடித்ததுதான் காயம். வலி. அப்படி ஒரு வலியை நான் கண்டதில்லை. எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் ஊசி பிடிக்க முடியாது. இப்போதும் வலி.

கண்ணை மூடினால் அந்தப் புஸ் சத்தம் கேட்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கோணல் எழுத்திலாவது எழுத உட்கார்ந்தேன்.

வா


ஜூலை 22

மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. கையைப் பார்த்துக்கொள்.

இது உன் கையெழுத்து இல்லை. இடது கையால் எழுதியதாகச் சொல்கிறாய். இடது கையால் ஒரு பக்கம் எழுத முடியுமா? யார் எழுதிக் கொடுத்தது? கீழே "வா" என்று மட்டும் இருக்கிறது. உன்னைச் சுருக்கிக் கூப்பிடுகிற ஆள் யார், அல்லது அது யாரை "வா" என்று கூப்பிடுவது?

ஜெராக்ஸ்காரரும் எழுதினார். காரில் ஏதோ சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தாராம். நீல பேண்ட் உன்னைத் தோளோடு அணைத்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததாம். முடியை ஒட்ட வெட்டிய தலை, முதுகைத்தான் பார்த்தாராம். பிறகு உன் காரிலேயே உன்னை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனதும் அதேதான். என் கார் சாவி யார் கையில் இருக்கிறது?

அந்த ஜாக் நான்கு வருஷமாக என்னிடம் ஒழுங்காக இருந்தது. அதைக் கையாளத் தெரியாதவன் கையில் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

இந்த முறை பெயரை எழுதாமல் கடிதம் அனுப்பாதே.


ஜூலை 30

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். ஒரு பத்தி எழுதினால் இடது கை மரத்துப்போகிறது. "வா" என்பது "வாயாடி"யின் முதல் எழுத்து. அதற்குமேல் அன்று எழுத முடியவில்லை. வலி தாங்காமல் பேனாவைப் போட்டுவிட்டேன். அதை வைத்தும் ஓர் ஆளை உண்டாக்கிவிட்டீர்களே, கெட்டிக்காரர்தான் நீங்கள்.

அந்தப் பூட்ஸ் உங்கள் தங்கையுடையது.

ஆமாம், "எனக்குத் தங்கையே கிடையாது" என்று நீங்கள் சொன்னீர்களே, அவள்தான். மார்ச் மாதம் எங்கள் லேபிலிருந்து ஒரு பட்டறைக்கு மருத்துவப் பரிசோதனைக்காகப் போனோம். கிடங்குகளில் சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. வரிசையில் நீல யூனிபார்மில், கறுப்பு பூட்ஸில், முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் வந்து கையை நீட்டினாள். ஊசியைக் குத்திவிட்டு முகத்தைப் பார்த்தால் உங்கள் மூக்கு. ஊசியை எடுக்கக்கூட மறந்து நின்றுவிட்டேன். நம் கல்யாணப் போட்டோவில் என்னைப் பார்த்திருந்த அவள்தான், "பதறாதீங்க அண்ணி, நான் ஓடிட மாட்டேன்" என்றாள். அண்ணி என்று என்னை இந்த உலகத்தில் கூப்பிட உரிமை உள்ள ஒரே ஆள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

நம் கல்யாணத்துக்கு முன்பு, அடி தாங்காமல் புருஷன் வீட்டை விட்டு வந்தவளை நீங்கள் வாசலிலேயே நிறுத்தினீர்கள். "அவன் சொல்றது நிஜமா நீ சொல்றது நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்? யார் தைரியத்துல வந்த?" என்று கேட்டீர்களாம். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதை போலச் சொன்னாள். பிறகு விடுதியில் தங்கி, பட்டறையில் பெருக்கிக் கூட்டும் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆகிவிட்டாள். ஸ்டாண்டு அவளுடைய பட்டறையிலிருந்து வந்தது. ரப்பர் அவள் யோசனை. சக்கரத்தைப் படுக்க வைத்ததும் அவள்தான். கையாளத் தெரியாதவன் என்று எழுதியிருந்தீர்கள். அன்று ஜாக்கைத் தள்ளிப் பார்த்ததுமே அவள் சொன்னாள், "அண்ணி, இதுல ஆயில் சீல் போயிருக்கு, வேற எடுத்துட்டு வர்றேன்." நான்தான் கேட்கவில்லை, உங்கள் எழுத்தை நம்பி.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா உங்களையும் சந்தேகப்படும்" என்றாள். இல்லை, என்னை நம்புவார் என்று நான் சண்டை போட்டேன். தோற்றுப்போய்விட்டேன்.

கார் விழுந்தது என்று எழுதினேன். நீங்கள் கேட்டது கையெழுத்தை, சாவியை, தோள்மேல் இருந்த கையை. போதும்.

ஜெராக்ஸ்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், "அடுத்த தடவை எட்டிப் பாக்காதீங்க, வந்து ஒரு கை பிடிங்க" என்று. பாவம், அவருக்கு வேர்த்துவிட்டது.


ஆகஸ்ட் 7

அன்புள்ள உனக்கு,

இப்படி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. நீ மறைத்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதை நீயும் ஒத்துக்கொள்ள வேண்டும். எழுதியதில் ஏதாவது மனம் நோகும்படி இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே தனிமையில் கிடக்கிறவன் புத்தி எப்படி எப்படியோ போகும்.

அது அவள்தான் என்று நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனாலும் என் மனசு முழுசாக அடங்குவதற்காகக் கேட்கிறேன். அவளை அவள் கையால் ஒரு வரி எழுதச் சொல்லி உன் கடிதத்தோடு வை. அவள் எழுத்து எனக்குத் தெரியும். "ள"வின் வாலை நீளமாக இழுப்பாள். ஒரு வரி போதும். அதோடு இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

கை எப்படி இருக்கிறது?

உன்னவன்


ஆகஸ்ட் 28

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்று சாமான் வண்டி வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. முதல் வாரம் டிரைவர் தொலைத்துவிட்டானோ என்று அவன் பையைச் சோதித்தேன். இரண்டாம் வாரம் தபால் பையைக் கட்டும் எழுத்தரைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் வாரம் சந்தேகப்பட ஆளில்லை. நீ எழுதவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக ஸ்டோர் மேஜைமேல் அடுக்கினேன். ஆதாரம் தேடத்தான் அடுக்கினேன், மறைக்க விரும்பவில்லை. ஜூலை 15 கடிதத்தை எடுத்து, இடது கையால் ஒரு பக்கம் எழுத முடியுமா என்று சோதித்துப் பார்க்கப் பேனாவை இடது கையில் பிடித்தேன். உன் கடிதத்தையே பார்த்து எழுதினேன். எழுத்து அதே மாதிரி கீழ்ப்பக்கமாகச் சரிந்து ஓடியது. அரைப் பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்படி ஒவ்வொரு எழுத்தாக எழுதும்போதுதான் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்பதை நான் படித்தேன். "கார் என்மேல் வந்தது" என்ற வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை. அதற்குப் பதிலாக நான் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். "கையைப் பார்த்துக்கொள்" என்று மூன்று வார்த்தைகூட இல்லை, இரண்டு.

பிறகு வேலை பார்க்க முடியவில்லை. சரக்கு வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பெட்டியோடு வந்து நின்ற அன்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று தெருவைத்தான் எட்டிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் கதவைச் சாத்தினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு கவர் இருக்கிறது. ஜெராக்ஸ்காரரிடமிருந்து போன வாரம் வந்தது. கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒட்டுப் பிரியவில்லை, வேண்டுமானால் நீயே பார்த்துக்கொள்.

அவள் எழுத்து எனக்கு வேண்டாம்.

செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, பதினைந்து நாள் லீவு. மதியம் மூன்று மணி வண்டியில் வந்து இறங்குவேன். நீ வரச் சொன்னால் வீட்டுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் ஸ்டேஷன் பக்கத்தில் ஏதாவது அறை எடுத்துக்கொள்கிறேன்.

உன் புருஷன்


செப்டம்பர் 5

அன்புள்ள உங்களுக்கு,

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கையால் எழுதும் முதல் கடிதம் இது. கை சூம்பிப்போய் ஏதோ பக்கத்து வீட்டுக்காரி கை மாதிரி இருக்கிறது. ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து பலம் ஏற்றுகிறேன். அடுத்த வாரம் ஊசி பிடிக்கலாம் என்கிறார்கள்.

கவர் வந்தது. நீங்கள் சொன்னதை நம்பி அப்படியே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓரம் ஓரமாக நகத்தால் தடவி, ஆவி காட்டிப் பிரித்து ஒட்டியிருக்கிறீர்களா என்று பார்த்தேன். பிரிக்கவில்லைதான். அது தெரிந்த பிறகு என்மேலேயே எனக்கு ஒரு வெறுப்பு வந்தது. உங்களோடு சேர்ந்து எனக்கும் இந்த வியாதி தொற்றிக்கொண்டது. இப்படியே போனால் நாம் இரண்டு பேரும் ஒருவர் சட்டைப்பையை ஒருவர் சோதித்துக்கொண்டு கிழமாகிவிடுவோம். எனக்கு அது வேண்டாம். அதைத்தான் இந்த மூன்று வாரமாக எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். பிரிந்துவிடலாமா என்றும் யோசித்தேன். மறைக்கவில்லை, நீங்களும் மறைக்காமல் எழுதியதால் சொல்கிறேன்.

கவரைப் பிரிக்காமலே ஜெராக்ஸ்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "அதுல ஒண்ணுமில்ல மேடம். இனிமே என்னால இந்த வேலை ஆகாது சார், வேற ஆளைப் பாத்துக்குங்கன்னுதான் எழுதியிருந்தேன்" என்றார்.

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கையிடம் காட்டினேன். தெருவை எட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டீ டம்ளரை மறுபடி கழுவினாள். "மன்னிச்சிட்டேன்னு எழுதிடாதீங்க அண்ணி. எனக்கே இன்னும் தெரியல" என்றாள். அதனால் எழுதவில்லை.

பதினெட்டாம் தேதி ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். மணிக்கட்டு இன்னும் ஸ்டீயரிங் திருப்ப இடம் கொடுக்கவில்லை. அவள் பட்டறையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு காரை எடுத்துக்கொண்டு வருகிறாள். ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வெளியே வந்ததும் இடப்பக்கம் கார் நிறுத்தும் இடம், கடைசி வரிசை. பின்சீட்டில் ஏறாதீர்கள், முன்னால் உட்காருங்கள். ஸ்டேஷனிலிருந்து வீடு வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா வாருங்கள். ஒரு கேள்வியும் கேட்காதீர்கள், வண்டி ஓட்ட எங்கே கற்றுக்கொண்டாய் என்றுகூட.

வீட்டு வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினால் கதவைத் திறப்பேன். நீங்கள் மட்டும் இறங்கினால், என்ன செய்வேன் என்று எனக்கும் இன்னும் தெரியவில்லை.

மழைக்காலம், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாயாடி